பாசித்தண்ணி சாரின் இரண்டே வகை

மனிதர்களைப் பிரித்துப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஜோசியர் பன்னிரண்டாகப் பிரிக்கிறார். ரேஷன் கடையில் அட்டையை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆனால் உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் இரண்டே இரண்டு வகையாகப் பிரித்துப் போட்டுவிட்டு, "அவ்ளோதான், மிச்சம் யாரும் இல்ல" என்று கையைத் தட்டிக்கொண்டவர் நான் பார்த்தவரையில் ஒருவர்தான். ஆரணியில் நான் தமிழாசிரியையாக இருந்த மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆசிரியர், பாசித்தண்ணி சார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கையெழுத்துப் போடும்போது அவரே ஒரு கணம் யோசிப்பார். கையில் எந்நேரமும் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கும், பாட்டிலில் பச்சைத் தண்ணீர் இருக்கும், அந்தத் தண்ணீரில் அவருடைய உயிர் இருக்கும். பள்ளியில் நான் சேர்ந்த முதல் நாள், வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்டார்:

"டீச்சர், நீங்க குடி வந்திருக்கிற வீட்ல கெணறு இருக்குதா?"

"இருக்குது சார்."

"பாசி புடிச்சிகினு இருக்குதா?"

"இல்ல சார், சுத்தமா இருக்குது."

அவர் முகம் வாடிவிட்டது. "பரவால்ல டீச்சர். எல்லாருக்கும் எல்லாம் அமைஞ்சிடுதா என்ன" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். துக்கம் விசாரித்துவிட்டுப் போவது போல இருந்தது.

அவருடைய இரண்டு வகைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் வகை, தேடிப் போகிறவர்கள். பாசித்தண்ணீரில் யூக்ளினா என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு செல். மூளை, மூக்கு எதுவும் கிடையாது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் அதற்குத் தெரியும். சாட்டை போன்ற ஓர் இழையைச் சுழற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்ச் சேரும். வெளிச்சம் அளவுக்கு மீறிப்போனால் திரும்பியும் வந்துவிடும்.

இரண்டாவது வகை, அலைந்து நிற்கிறவர்கள். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் சிதறி ஓடுமே, தொட்டால் மணி போலச் சுருண்டுகொள்ளுமே, அந்தப் பூச்சி. நாங்கள் உருண்டைப்பூச்சி என்போம். அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் ஈரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. காய்ந்த இடத்தில் விட்டால் தலைதெறிக்க ஓடும், கண்டபடி திரும்பும். எப்போதாவது ஈரமான இடத்தில் கால் பட்டால் வேகம் தானாகக் குறையும். குறைந்து குறைந்து அங்கேயே நின்றுவிடும்.

"அதுக்கு எங்க போவணும்னு தெரியாது டீச்சர். எங்க நிக்கணும்னு மட்டும் தெரியும்" என்றார் சார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியம்தான் நன்றாக இல்லை.

"நீங்க உருண்டைப்பூச்சி டீச்சர்."

எனக்கு வந்ததே கோபம்! முதுகலை படித்து, பி.எட். முடித்து, கலந்தாய்வில் நானே ஊரைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு வந்தவளைப் பூந்தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டாரே! வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "துணிக்கடையில நீ நடக்கிறத அவரு எங்க பார்த்தாரு?" என்று கேட்டார். அதன்பிறகு இரண்டு நாள் அவரிடமும் பேசவில்லை.

தலைமையாசிரியை மேடத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதிகாரியின் கார் சத்தம் தெருமுனையில் கேட்டாலே, மேடம் எந்த வகுப்பில் இருந்தாலும் ஒரு வளைவு நெளிவு இல்லாமல் நேராக வாசலுக்குப் போய்விடுவார். "நீங்க யூக்ளினா மேடம்" என்று சார் ஒருநாள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"அப்படின்னா என்னங்க சார்?"

"எப்பவும் வெளிச்சத்தைப் பார்த்துப் போற உயிரு மேடம்."

மேடம் பூரித்துப் போனார். அந்த வருட ஆண்டு விழாவில், "நமது பள்ளி யூக்ளினாவைப் போல ஒளியை நோக்கிச் செல்கிறது" என்று பேசிக் கைத்தட்டலும் வாங்கினார்.

சார் தண்ணீர் சேகரிக்கச் சேவூர்ப் பக்கம் வயல்களுக்குப் போவார். திரும்பும்போது டவுன் பஸ். அதுங்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் பாட்டிலை ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தான் பக்கத்தில் நின்றுகொண்டு வருவார். ஒருமுறை நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். அவரைத் தெரியாதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சார், இன்னா இது? பாட்டிலுக்கு ஒரு சீட்டா?" என்றார் கண்டக்டர்.

"வெயில் படணும்பா. நான் நின்னுகினு வரேன், எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ பாட்டிலுக்கும் டிக்கெட் எடு."

"எடுக்கிறேன். ஆனா உள்ள லட்சக்கணக்குல பேரு இருக்காங்க. உங்கிட்ட அவ்ளோ டிக்கெட்டு இருக்குதா?"

கண்டக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "காலங்காத்தால பேஜாரு" என்று முன்பக்கம் போய்விட்டார். சார் திரும்பிப் பார்த்து, "டீச்சர்! நீங்களும் இதே பஸ்ஸா!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். நான் சுருண்டுகொள்ளப் பார்த்தேன். அப்புறம்தான் அதுவும் அந்தப் பூச்சியின் குணம் என்பது நினைவுக்கு வந்தது.

நடைக்கு மட்டும் வேறொரு குருவை வைத்திருந்தார். பரமீசியம் என்று செருப்பு வடிவத்தில் ஓர் ஒற்றைச் செல் உயிரி. அது எதிலாவது முட்டினால் கொஞ்சம் பின்வாங்கும், கொஞ்சம் திரும்பும், மறுபடி முன்னால் போகும். மறுபடி முட்டினால் மறுபடி அதேதான். யோசனையே கிடையாது. சார் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நடப்பவர். எதிரே வரும் மேடத்தின் மேல் முட்டுவார். இரண்டடி பின்வாங்குவார், லேசாகத் திரும்புவார், மறுபடி மேடத்தின் மேலேயே முட்டுவார். மூன்றாவது தடவையில் வழி கிடைத்துப் போய்விடுவார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பரமீசியத்திடம் இல்லாததால் இவரிடமும் இல்லை.

ஒரு வாரம் முழுக்க எங்கள் ஆசிரியர் அறைக்குத் தினமும் வடை வந்தது. யார் வாங்கி வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. தட்டு மட்டும் தினம் ஓர் இடத்தில் இருக்கும். ஒருநாள் அலமாரி மேல், ஒருநாள் குடத்துக்குப் பின்னால், ஒருநாள் உலக வரைபடத்துக்கு அடியில். வெள்ளிக்கிழமையன்று சார் நோட்டைத் திறந்து, நாங்கள் ஒவ்வொருவரும் தட்டைச் சென்றடைந்த வழியைப் படமாகவே போட்டுக் காட்டினார். கணக்கு சாருடையது வாசலிலிருந்து வடை வரைக்கும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. என்னுடையது குழந்தை கிறுக்கியது மாதிரி அறையெல்லாம் சுற்றியிருந்தது. எல்லாருமாகச் சேர்ந்து அவரோடு பேசக் கூடாது என்று முடிவு செய்தோம். திங்கட்கிழமை வடை வராதபோது கணக்கு சார்தான் முதலில் போய்ப் பேசினார்.

இப்படியே போயிருந்தால் அவர் எனக்கு வெறும் வேடிக்கை மனிதராகவே இருந்திருப்பார். நடுவில் சைக்கிள்கள் வந்தன.

பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற இலவச சைக்கிள்கள். விழா எடுத்துக் கொடுப்பதற்குப் பெரியவர்களின் தேதி கிடைக்க வேண்டும். கிடைக்கும் வரை அவை மழையில் நனையாமல் எங்காவது நிற்க வேண்டும். மேடத்தின் கண் உயிரியல் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. மூன்று ஜன்னல் வைத்த பெரிய அறை அது. கேட்பதற்கு முன்பே இரண்டு ஜன்னல்களை மறைத்துக்கொண்டு இருபது முப்பது சைக்கிள்கள் உள்ளே ஏறிவிட்டன.

"வாரத்துக்கு ரெண்டு நாளுதான் பசங்க லேபுக்கு வராங்க. உங்க தண்ணிய வராண்டாவுல வெச்சிக்கோங்களேன் சார்."

"வராண்டாவுல எல்லாப் பக்கமும் வெளிச்சம் மேடம். அதுங்க குழம்பிடும்."

மேடம் கெட்டவர் இல்லை. சைக்கிள் துருப்பிடித்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். கடைசியில் ஒன்று சொன்னார். வியாழக்கிழமை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். ஆய்வகம் உருப்படியாக நடக்கிறது என்று அவர் எழுதிவிட்டால் அறை சாருக்கு, எழுதாவிட்டால் மீதி சைக்கிள்களும் உள்ளே.

அன்று சார் சாப்பிடவில்லை. ஆய்வக வாசற்படியில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான் போய், "ஒரு ரூமுதானே சார்" என்றேன்.

"இந்த ரூமு போச்சின்னா நான் போர்டுல படம் போட்டு நடத்துற வாத்தியார் டீச்சர். நகர்றத எல்லாம் நகராம சொல்லிக் குடுக்கணும். எனக்கு அது வராது" என்றார். எப்போதும் எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கிற அந்தக் கண்கள் அன்று எதையும் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமாகிவிட்டது. உருண்டைப்பூச்சி என்று அவர் சொன்னதை அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாள் அவர் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் போனார். ஒரு மீன் தொட்டி நிறையப் பாசித்தண்ணீர். அதைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் பேப்பர். ஒரே ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிவிட்டு, அதற்கு எதிரே ஒரு மேசை விளக்கு. சில மணி நேரத்தில் பச்சையெல்லாம் அந்த மூலையில் திரண்டு நிற்கும், மீதித் தண்ணீர் வெளுத்துவிடும். விளக்கை இடம் மாற்றி, வேறு மூலையைத் திறந்தால் மொத்தமும் அங்கே குடி பெயரும். புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. கணக்கு சார் கைதட்டினார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், அவசர முகம். பின்னால் மேடம், நாங்கள், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். சார் மந்திரவாதி மாதிரி கறுப்புக் காகிதத்தை உருவினார்.

தொட்டி முழுக்கப் பச்சை. மூலையில் இல்லை, நடுவில் இல்லை, எல்லா இடத்திலும் ஒரே பச்சை. பளபளவென்று, முகூர்த்தப் பட்டு மாதிரி.

சார் விளக்கை மாற்றி வைத்தார். பச்சை நகரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்ப சார் நகரும்?"

சார் விரலைத் தண்ணீருக்குள் விட்டு வெளியே எடுத்தார். விரலும் பச்சை. மெதுவாகத் தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தார். அங்கே எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்து உறுப்பினர், பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர், முழங்கை வரை பச்சையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?" என்றார் சார்.

"ஆமாங்க சார்! காலையில தோரணம் கட்ட வந்தேன். காகிதத்தைத் தூக்கிப் பார்த்தா, ஒரு மூலையில மட்டும் பச்சை புடிச்சிகினு, மீதியெல்லாம் வெளுத்துப் போயி, ஒரே திட்டுத்திட்டா இருக்குது. வெளியூரு அதிகாரி வரசொல்ல, ஆரணியில சாயம் திட்டுத்திட்டா இருந்தா எம் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? ஜல்தியா வூட்டுக்குப் போயி இலைப்பச்சைச் சாயம் கொஞ்சம் எடுத்தாந்து, சாயம் நிக்கிறதுக்கு ரெண்டு சொட்டு ஆசிட்டும் உட்டு, சமமா கலக்கிட்டேங்க. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே கலரு பாருங்க. வெளுக்கவே வெளுக்காது, கேரண்டி!"

அவரைக் குறை சொல்ல முடியாது. சாயம் திட்டுத்திட்டாக விழுவதைவிடப் பெரிய மானக்கேடு அவர் தொழிலில் இல்லை. ஊரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். லட்சக்கணக்கானவர்களைப் பரலோகத்துக்கு அனுப்பியது அவருக்குத் தெரியாது.

"இனிமே நகராது சார்" என்றார் பாசித்தண்ணி சார் அதிகாரியிடம்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். மேடம் சைக்கிள்களைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அன்று பராமரிப்புக்காக மின்தடை என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். விளக்கை நம்பி வித்தை காட்ட வந்த எங்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

இரண்டு ஜன்னல் அடைத்த அறை. மின்விசிறி நின்றதும் உள்ளே அடுப்படி போல ஆயிற்று. அதிகாரி எழுத வெளிச்சம் தேடி, திறந்திருந்த ஒற்றை ஜன்னலுக்கு நேராகப் போனார். மேடம் பதிவேட்டால் விசிறிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார், திரும்பினார், எலும்புக்கூட்டின் பக்கம் போனார், மறுபடி திரும்பினார். பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தார்கள். நான் எங்கெங்கே போனேனோ தெரியாது. நாலைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாரும் அந்த ஜன்னல் ஓரத்தில், காற்று வருகிற நாலடி இடத்தில், ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்கிறோம்.

"யாரும் அசையாதீங்க!"

சார்தான். தொட்டியை மறந்துவிட்டார். கையில் சாக்பீஸ். கீழே உட்கார்ந்து ஒவ்வொருவர் காலையும் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தார், அதிகாரியின் கால் உட்பட.

"நகராதுன்னு சொன்னேனே, மன்னிச்சிக்கோங்க சார். எல்லாம் நகர்ந்திருக்குது! டீச்சரு மூணு சுத்து சுத்தினாங்க. காத்து பட்ட எடத்துல வேகம் கொறைஞ்சிது, நின்னுட்டாங்க. இங்க காத்து வருதுன்னு யாரும் சொல்லல. அலைஞ்சாங்க, நின்னாங்க. இதத்தான் சார் நான் பசங்களுக்குச் சொல்றேன்!"

அதிகாரி தன் காலைச் சுற்றியிருந்த வட்டத்தைப் பார்த்தார்.

"நானு?"

"நீங்க வெளிச்சத்துக்கு நேரா வந்தீங்க சார். அப்புறம் வெயிலு மூஞ்சில அடிச்சதும் ரெண்டடி பின்னால போயிட்டீங்க. சுத்தமான யூக்ளினா."

"சார்!" என்று அதட்டிய மேடம், அது தனக்குக் கிடைத்த பட்டம் என்பது நினைவுக்கு வர, அதிகாரியைப் பார்த்துப் பெருமையாக, "நானும் அதேதாங்க சார்" என்றார்.

"இல்ல மேடம்" என்றார் பாசித்தண்ணி சார் பணிவாக. "கரண்ட்டு போனா நீங்க உருண்டைப்பூச்சி."

அதிகாரி சிரித்தார். நிற்க முடியாமல் ஒரு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அங்கேயே வைத்து எழுதினார்: ஆய்வகம் நன்கு இயங்குகிறது, ஜன்னல்களை மறைக்கும் சைக்கிள்களை உடனே அப்புறப்படுத்தவும். மேடம் அன்று மாலையே அவற்றை எங்கள் ஆசிரியர் அறைக்குள் ஏற்றிவிட்டார். சாரின் விரல் ஒரு மாதம் பச்சையாகவே இருந்தது. சாயக்காரர் பொய் சொல்லவில்லை, அந்தத் தொட்டித் தண்ணீரும் கடைசிவரை வெளுக்கவில்லை.

என் நாற்காலியை மறித்துக்கொண்டு இரண்டு சைக்கிள் நின்றதால், விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு திருத்த இடம் தேடினேன். நூலகத்தில் புழுக்கம். வராண்டாவில் சத்தம். வேப்பமரத்தடியில் எறும்பு. ஒருநாள் ஆய்வக ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சார் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி என் தாள்களுக்கு இடம் விட்டார். விழா நடந்து, சைக்கிள்கள் போய், என் நாற்காலி காலியான பிறகும் நான் அங்கேயேதான் இருந்தேன். ஆறு வருடம். நடுநடுவே நோட்டில் என்னவோ குறித்துக்கொள்வார்.

"என்ன சார் எழுதறீங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

பிறகு எனக்குச் செய்யாறுக்கு மாறுதல் வந்தது. நல்ல பள்ளி, காற்றோட்டமான அறை. இருந்தாலும் அங்கே நான் எப்போதும் வேகமாகவே நடக்கிறேன் என்கிறார்கள்.

போன மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணி போனேன். கடையில் எனக்காகக் காத்திருந்தார்கள். வெயிலில் விறுவிறுவென்று நடந்தவளுக்குப் பள்ளிச் சுவர் வந்ததும் கால் தளர்ந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நரைத்த தலையும் ஊறுகாய் பாட்டிலும் தெரிந்தன.

"டீச்சர்! வேகம் கொறைஞ்சிடுச்சி போலிருக்குதே!"

"வெயில் சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. நோட்டை எடுத்துவிட்டார். புடவை எங்கும் போய்விடாது என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்து உள்ளே போனேன். எங்கே போக வேண்டும் என்று எனக்கு என்றைக்கும் சரியாகத் தெரிந்ததில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்தது.